செல்வத்தின் கால்

போடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் பேரன் பந்தை உள்ளங்காலால் பின்னுக்கு இழுத்துச் சட்டென்று திரும்புகிறான். செல்போனில் பார்த்துப் பழகிய வித்தை.

அதை நான் முதலில் செல்வத்தின் காலில் பார்த்தேன். குரங்கணியிலிருந்து ஜீப்பில் வரும் ஏலக்காய் மூட்டைகளை எங்கள் கிட்டங்கியில் இறக்கியவரின் மகன் அவன். காய் வாசம் அடிக்கும் களத்தில் மாலையில் ஆடுவோம். முதலாளி மகனான என்னை அவன் அங்கே மட்டும்தான் மாப்ளே என்பான்.

ஒரு நாள் அதே வித்தையால் என்னை ஏமாற்றிவிட்டு, "பந்து இங்க இருக்கு மாப்ளே, நீ எங்க ஓடுற?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் பந்தை விட்டுவிட்டு அவன் கணுக்காலை உதைத்தேன். எலும்பு முறிந்தது.

அப்பா ஓடிவந்தார். "என்னடா ஆச்சு?"

செல்வம் மூட்டையோடு நின்ற தன் அப்பாவைப் பார்த்தான். "வழுக்கி விழுந்துட்டேன் மொதலாளி."

நான் பந்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனேன்.

கால் கோணலாகவே கூடியது. மூட்டை தூக்க முடியாமல், சாகும்வரை எங்கள் கிட்டங்கியிலேயே பெண்களோடு உட்கார்ந்து காய் பொறுக்கினான். என்னை மீண்டும் மாப்ளே என்று கூப்பிடவே இல்லை.

"எங்கிட்ட இருந்து பந்தை எடுங்க பாப்போம், தாத்தா!" என்கிறான் பேரன்.

நான் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்கிறேன்.