ஒரு ரயில்வே கேட்டுக்காக டெல்லிக்கு

1980 பிப்ரவரி, சனிக்கிழமை காலை. சென்னையிலிருந்து இரண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர் கடந்து புதுடெல்லி நிலையத்தில் இறங்கினோம். குளிருக்காக என் மனைவி பாக்கியம் சேலைக்கு மேல் என் சட்டையைப் போட்டு, அதன்மேல் துண்டைப் போர்த்தியிருந்தாள். அவள் எங்கள் தொகுதியின் எம்.எல்.ஏ. நான் ஊரில் இரண்டு ஏக்கரில் பருத்தி போடுகிறவன். அவளுக்குத் துணையாக வந்தேன்.

அழைத்துப்போக வந்திருந்த என் தங்கை கணவர் வேலுச்சாமி, மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க். ஜனக்புரியில் வீடு. நிலையத்திலிருந்து பதினேழு கிலோமீட்டர். ஸ்கூட்டருக்குப் பதினைந்து ரூபாய். டெல்லியில் ஆட்டோவை ஸ்கூட்டர் என்றுதான் சொல்கிறார்கள். ‘மதராஸ் எம்.எல்.ஏ. வந்திருக்கிறார்’ என்று வேலுச்சாமி சொன்னதும் டிரைவர் எனக்கு ஒரு சலாம் வைத்தார். நான் பாக்கியத்தைக் கைகாட்டினேன். “அச்சா!” என்று ஆச்சரியப்பட்டவர், அதன்பின் வழியெல்லாம் பள்ளம் பார்த்து மெதுவாகவே ஓட்டினார்.

பாக்கியம் எட்டாவது வரை படித்தவள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆயா. சுற்றுவட்டாரத்தில் அவள் பிரசவத்துக்குப் போகாத தெரு குறைவு. எழுபத்தேழு தேர்தலில் கட்சி ஒரு பெண் வேட்பாளரைத் தேடியபோது எல்லாரும் அவள் பெயரைத்தான் சொன்னார்கள். வேலையை விட்டுவிட்டு நின்றாள், ஜெயித்தாள். சில ஊர்களுக்குக் குடிதண்ணீர், எங்களுக்கு ஒரு டவுன் பஸ் என்று கொஞ்சம் நடந்தது. நடக்காமல் கிடந்தது, ஊருக்கு வெளியே ஆளில்லாத ரயில்வே கிராசிங்குக்கு ஒரு கேட். பருத்தி எடுத்துவிட்டு வந்த மாட்டுவண்டி அங்கே அடிபட்டு மூன்று பெண்கள் இறந்துபோனார்கள். அதில் ஒருத்தியின் பிள்ளை, பாக்கியம் பிரசவம் பார்த்த பிள்ளை. சென்னையில் கேட்டபோது டெல்லியில்தான் முடிவாகும் என்றார்கள். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ரயில்வே அதிகாரி ஒருவர் நேரம் கொடுத்திருந்தார்.

ஞாயிறு, கரோல்பாக் போய் அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கினோம். இருபத்தெட்டு ரூபாய். சட்டையை எனக்குத் திருப்பித் தந்தாள்.

திங்கள் காலை, தங்கை சரசு தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். ரேடியோவில் தமிழ்ச் செய்தி. தமிழ்நாடு சட்டமன்றம் கலைக்கப்பட்டுவிட்டதாம். தோசை கருகும் வாசனை வந்தபிறகுதான் சரசு திரும்பினாள்.

“அப்ப மதினி இனிமே எம்.எல்.ஏ. இல்லையாண்ணே?”

வேலுச்சாமி பாக்கியத்தைப் பார்த்துச் சொன்னார். “இப்பப் போய் அங்க யாருன்னு சொல்லிட்டு நிக்கிறது, தங்கச்சி? லீவு வேற போட்டாச்சு. பேசாம குதுப்மினாரைப் பாத்துட்டு வந்துருவோம்.”

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பாக்கியம் தட்டிலிருந்த தோசையை மெதுவாகத் தின்று முடித்தாள். கை கழுவிவிட்டு வந்து, “மணியாச்சுண்ணே, பஸ்ஸு எத்தனை மணிக்கு?” என்றாள்.

அதிகாரி வயதானவர், வடக்கத்திக்காரர். என்னைப் பார்த்து நாற்காலியைக் காட்டினார். நான் பாக்கியத்தை உட்காரச் சொன்னேன். வேலுச்சாமி இந்தியில் பேசி, பதிலைத் தமிழில் சொன்னார்.

“காலைல பேப்பர் பாத்தாராம். இனிமே நீங்க வரமாட்டீங்கன்னு நெனைச்சேங்கிறார்.”

“சட்டசபையத்தானண்ணே கலைச்சிருக்காங்க. ரயிலு ஓடிக்கிட்டுத்தான இருக்குன்னு சொல்லுங்க.”

இதை அப்படியே சொல்லலாமா என்று வேலுச்சாமி என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, இடம் எங்கே என்று கேட்டார்.

பாக்கியம் கையாலேயே காட்டினாள்: இங்கே வளைவு, இங்கே கருவேலங்காடு, ரயில் கிட்டே வந்தால்தான் கண்ணுக்குத் தெரியும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இந்தப் பக்கம். அவர் குறுக்கே குறுக்கே கேட்டுக் குறித்துக்கொண்டார். கருவேலத்தை வெட்டச் சொல்லி இன்றைக்கே எழுதுவதாகச் சொன்னார்.

“கேட்டு?”

“உடனே ஆகாதுங்கிறார், தங்கச்சி.”

“ஆகாதுன்னா இல்லைங்கிறாரா, லேட்டாகும்கிறாரா? நல்லாக் கேளுங்கண்ணே.”

வேலுச்சாமி கேட்டதும் அதிகாரி சிரித்துவிட்டார். லேட்டாகுமாம். எங்களுக்கு டீ வரவழைத்தார்.

செவ்வாய் மாலை ரயில் ஏறினோம். டெல்லியின் கடைசி வீடுகளும் பின்னால் போனபிறகு கோதுமை வயல்கள் வந்தன. எங்கள் வானம்பார்த்த பூமியைப் பார்த்த கண்ணுக்கு அந்தப் பச்சை பொறாமையாக இருந்தது. பாக்கியமும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னும் ரெண்டு வருசம் இருந்திருந்தா எவ்வளவோ செஞ்சிருக்கலாங்க” என்றாள். அப்போதுதான் அழுதாள்.

ஒரு மாதத்துக்குள் கருவேலம் வெட்டப்பட்டது. அடுத்த தேர்தலில் கட்சி அவளுக்கு சீட் தரவில்லை. கேட் சில வருடங்கள் கழித்துத்தான் வந்தது. திறப்பு விழா மேடையில் புது எம்.எல்.ஏ. இருந்தார், நாங்கள் கூட்டத்தில் நின்றோம். அதன்பின் அங்கே யாரும் அடிபடவில்லை.

போன வாரம் டவுன் பஸ்ஸில் வந்தோம். கேட் மூடியிருந்தது. நல்ல வெயில், கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. பின்சீட்டுக்காரர் அலுத்துக்கொண்டார். “எந்தப் புண்ணியவான் கொண்டாந்தானோ இந்தக் கேட்டை! தினமும் இதே இழவு!”

“அதானே! எம்புட்டு நேரந்தான் நிக்கிறது!” என்றாள் பாக்கியம், முந்தானையால் விசிறிக்கொண்டே.