இன்னொரு டவர் லைன்

அலுவலகத்தில் அவளுக்கு 'ஸ்கேல் அக்கா' என்று பெயர். காற்றாலை மின்சாரத்தை நகரத்துக்குக் கொண்டுவரும் டவர் லைன் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைபடத்தில் கோடு போடுவது அவள் வேலை. யார் வந்து கெஞ்சினாலும் அந்தக் கோடு வளைந்ததில்லை.

முதல் லைன் அவள் தம்பி வீட்டின் தலைமேலேயே போனது.

"ஒரு நூல் தள்ளிப் போட்டா குடியா முழுகிடும்?" என்று கேட்டான் தம்பி.

முழுகும். அவனுடையதல்ல, பக்கத்தில் மூன்று பேர் குடி. அவள் தள்ளவில்லை. தம்பி வீட்டை இடித்தான். மிச்ச நிலத்தில் புதிதாகக் கட்டும் முன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"இனிமே இந்தப் பக்கம் எதுவும் வராதுல்லக்கா?"

"இந்த லைனே பதினஞ்சு வருஷம் தாங்கும்டா. தைரியமா கட்டு."

அவளே போட்ட கணக்கு அது. நாலு வருஷம்கூடத் தாங்கவில்லை. மழைக்கு முளைத்த காளான்போலக் காற்றாலைகள் பெருகின. காற்று அள்ளிக் கொடுக்கும் மாதங்களில், கொண்டுபோக லைன் போதாமல் பாதியை நிறுத்திவைத்தார்கள். முதல் லைனை ஒட்டியே இன்னொன்று போட முடிவானது. இந்தப் பக்கம் தம்பி வீடு; அந்தப் பக்கம் ஒரு தெரு முழுக்க வீடுகள்.

"வேற வழியே இல்லையாம்மா?" மேலதிகாரி அவளுக்காகவே கேட்டார்.

எல்லா வழியும் போட்டுப் பார்த்திருந்தாள். "இல்ல சார்."

அளக்க ஆட்கள் போவதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று பஸ் ஏறினாள். போனால், தம்பி மாடியில் ஓர் அறை எழுப்பிக்கொண்டிருந்தான். கொத்தனார் நூல் கட்டிச் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணி!" என்றாள் தம்பி மனைவி. "சுவர் நேரா இருக்கான்னு நீங்களே பாருங்க. உங்க தம்பி கண்ணை நம்பினா வீடு பக்கத்து ஊருக்குப் போயிடும்." சிரித்துக்கொண்டே டீ போடக் கீழே இறங்கினாள்.

அவள் நூலோடு கண்ணை ஓட்டினாள். நூல் முடிந்த இடத்துக்கு அப்பால் முதல் லைனின் டவர் நின்றது. கம்பிகள் விடாமல் இரைந்தன.

"நேராத்தான் இருக்கு," என்றாள். பிறகு, தம்பி முகத்தைப் பார்க்காமல், "மேல கட்டாதடா."

தம்பி நிமிர்ந்து கம்பிகளைப் பார்த்தான்.

"கொத்தனாரே, போதும். கலவை கலக்க வேண்டாம்."

கீழேயிருந்து குரல் வந்தது: "அண்ணி, சாப்பிட்டுத்தானே போவீங்க?"