அமுக்கராப் பொடியில் நீலம்

எதையும் லேசில் நம்பாதவன் என்று எனக்கு ஊரில் பெயர். மெர்லிமாவ் பாசாரில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசை எடுக்க மாட்டேன். அப்படிப்பட்டவன் வீட்டு அடுப்படியிலேயே ஒரு பொடி டப்பா வந்து உட்கார்ந்தது.

என் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். எஸ்டேட் பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே பாய்ந்து, மயிரிழையில் தப்பித்ததிலிருந்து அவளுக்குப் படபடப்பு. ஸ்டீயரிங்கைப் பிடித்தால் கை நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். மலாக்கா டவுனில், தெங்கேராவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவிடம் போய் அமுக்கராப் பொடி வாங்கி வந்தாள். சாயங்காலம் பாலில் ஒரு கரண்டி.

"மனசு அடங்கும்னு அக்கா சொன்னாங்க."

அடங்கினால் சரி என்று நானும் விட்டுவிட்டேன். அடங்கியது. ஆனால் அடங்கிய விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. சில நாள் பழையபடி நடுங்கினாள். சில நாள் விடிந்து எழுப்பினால் எழ மாட்டாள். வேர்ப்பொடி குடித்து ஒருத்தி இப்படித் தூங்குவாளா? ஒரு நாள் காலை பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, இஞ்சின் ஓட ஓட ஸ்டீயரிங்கில் தலை கவிழ்ந்து கிடந்தாள். காவலாளி எனக்குப் போன் செய்தார். பத்துப் பிள்ளைகள் ஐயா அந்த வேனில்! அந்தத் தூக்கம் ஐந்து நிமிடம் முன்னால் வந்திருந்தால்?

இங்கிலீஷ் மாத்திரையைப் பொடித்து, நாட்டு மருந்தோடு கலந்து விற்கிறவர்களைப் பற்றிக் காப்பிக்கடையில் பேசிக்கொள்வார்கள். வெளுத்ததெல்லாம் பாலா? அவளிடம் சொல்லாமல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தெங்கேராவுக்குப் போனேன்.

"என்னத்தக்கா கலந்து விக்கிறீங்க? என் பொண்டாட்டிய கொல்லப் பாக்கிறீங்களா? போலீஸ் ரிப்போர்ட் குடுத்திடுவேன்லா!"

கடையில் நின்ற இரண்டு பேர் மெல்ல நழுவினார்கள். அந்த அக்கா கோபப்படவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஒரு வெள்ளைத்தாளில் என் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை, தம் ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை வைத்து விரலால் பரப்பினார். அவருடையது முழுக்கப் பழுப்பு. என்னுடையதில் அங்கங்கே நீலத் துணுக்குகள்.

"நாங்க துணியில சலிச்சுக் குடுக்கிறது தம்பி. இப்படித் துண்டு துண்டா விழாது. இது யாரோ வீட்டுல இடிச்சுப் போட்டது. என்கிட்ட கத்துறதுக்கு முன்னாடி வீட்டுல கேளுங்க."

திரும்பும் வழியெல்லாம் யார் யாரையோ சந்தேகப்பட்டேன். என் தங்கச்சியைக்கூட விடவில்லை. மனைவி மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை.

டப்பாவை அவள் முன் வைத்துக் கேட்டேன். மறைக்கவில்லை. பாசாருக்குப் போவதாகச் சொன்ன நாள்களில் அரசாங்க கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். டாக்டர் படபடப்புக்குக் கொடுத்த நீல மாத்திரைகளை இடித்து, பொடியில் கலந்துவிட்டு, உறைகளைத் தூக்கி எறிந்திருக்கிறாள். ஒரு கரண்டியில் ஒரு நாள் ஒன்றும் இருக்காது. ஒரு நாள் மூன்று மாத்திரையோ நாலு மாத்திரையோ, அவளுக்கே தெரியாது.

"ஏன்டி, மாத்திரைய மாத்திரையா முழுங்கித் தொலைச்சா என்ன?"

"முழுங்கினா நீங்க பாப்பீங்க. பக்கத்து வீட்டக்கா இந்த மாதிரி மாத்திரை சாப்பிடுறாங்கன்னு தெரிஞ்சப்ப என்ன சொன்னீங்க? 'அது பைத்தியம், அந்தப் பக்கம் போகாதே'ன்னு. பொடின்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சொன்னேன்தான். சிரித்துக்கொண்டே சொன்னேன். இப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் லீவு போட்டு நானே வேனை ஓட்டினேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு அவளைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டப்பாவைக் கையோடு கொண்டுபோனோம். டாக்டர் அறை வாசலில் தாதி, "கூட வந்திருக்கிறது யாரு?" என்று கேட்டார். வீட்டுக்காரர் என்பாள் என்று நான் ஓர் எட்டு முன்னால் வைத்தேன்.

"வேன் டிரைவர். அவரு வெளியவே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.