நடு வயல் வரப்பில் ஒரு மூங்கில்

அன்று வரப்பில் நின்றவர்கள்: நான். என் மகள். பக்கத்து வயல்காரர். அவர் மனைவி. ஊர்த் தலையாரி.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நடவு, களை, அறுப்பு, அதுதான் தெரியும். மகள் மன்னார்குடியில் பள்ளிக்கூடம் முடித்து, அரசாங்க உதவியில் இன்ஜினியரிங் படித்தாள். பிறகு கம்பி இல்லாமல் செய்தி போகிற படிப்பில் ஆய்வுக்குச் சேர்ந்தாள். வயலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று ஒரு சின்னப் பெட்டி தானே செய்தி அனுப்பும். பயிர் வளர்ந்து ஈரத்தோடு நின்றால் செய்தி பாதி வழியில் அழிந்துபோகும். எவ்வளவு அழிகிறது என்று அளக்க வேண்டும். அதற்குக் கதிர் பால் பிடிக்கிற சமயம் வேண்டும். இந்தச் சம்பாவை விட்டால் அடுத்த சம்பா. அதற்குள் அவளுடைய உதவித்தொகை நின்றுவிடும். படிப்பும் நின்றுவிடும்.

ஒரு பெட்டி எங்கள் மோட்டார் கொட்டகையில். இன்னொன்று நேர் எதிரே, நடு வயலின் அந்தப்பக்க வரப்பில். எங்கள் வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் இடையில் இருந்த நடு வயல் கோயில் நிலம். குத்தகை எங்களுடையது என்று நாங்களும், தங்களுடையது என்று பக்கத்து வயல்காரரும் கேஸ் நடத்திக்கொண்டிருந்தோம். அந்த வருஷப் பயிர் அவர் வைத்தது.

இரும்புக் குழாய் செய்தியைக் கெடுக்கும் என்று மகள் மூங்கில் நட்டாள். யாரும் இடித்துக்கொள்ளக் கூடாதே என்று நுனியில் சிவப்புத் துணி கட்டினாள். என்னிடம் சொல்லவில்லை. எங்கள் பக்கம் அப்படி நட்டால் ஒரே அர்த்தம்தான்: நிலத்தை எடுத்துக்கொண்டோம். என் மாமனார் காலத்தில் அப்படி நட்டு அடி வாங்கியவர்கள் உண்டு. ஆட்சி எத்தனையோ தடவை மாறியது. அந்த அர்த்தம் மாறவில்லை.

நான் போவதற்குள் வயல்காரர் தலையாரியைக் கூட்டி வந்துவிட்டார்.

"கொடி நட்டாச்சு. அடுத்தது என்ன, பந்தலா?" என்றார்.

"கொடி இல்ல மாமா, ஆன்டெனா," என்றாள் மகள்.

"நல்லா இருக்கே. எங்க வயல்ல உக்காந்து டிவி வேற பாப்பீங்களா?" என்றார் அவர் மனைவி.

தலையாரி சிரித்துவிட்டார். வயல்காரர் சிரிக்கவில்லை.

"மொதல்ல புடுங்கு. அப்புறம் பேசு."

மகள் துணியை அவிழ்த்தாள். மூங்கிலை விடவில்லை.

"அண்ணே," என்றேன். "நீங்களே புடுங்குங்க. நீங்களே நட்டு வைங்க. உங்க வரப்பு, உங்க மூங்கி. எம்பொண்ணு பெட்டிய மட்டும் கட்டிக்கும்."

தலையாரி என்னைப் பார்த்தார். "தெரிஞ்சுதான் சொல்றியாம்மா? உங்க வரப்புன்னு சொன்னத நான் கேட்டுட்டேன். நாளைக்குக் கேஸுல கூப்பிட்டா சொல்லணும்."

"சொல்லுங்க."

வயல்காரர் மூங்கிலைப் பிடுங்கினார். அதே குழியில் நட்டு மண்ணை மிதித்தார்.

"சாஞ்சிருக்கு மாமா."

நிமிர்த்தினார். காற்று விடவில்லை.

"புடிச்சுக்கவா?" என்று அவரே கேட்டார்.

"ஆளு நின்னா மறைக்கும் மாமா. உக்காந்து அடியில புடிச்சுக்குங்க."

உட்கார்ந்தார்.

"பத்து வருஷமா எங்க வீட்டுத் துணிக்கொடிக் கம்பு சாஞ்சு கெடக்கு. அத நிமித்த ஆளில்ல," என்றார் அவர் மனைவி.

என் பேச்சு கேஸில் வந்தது. நடு வயல் அவர்களுக்குப் போனது. மகள் பட்டம் வாங்கினாள். இப்போது ஒரு கல்லூரியில் அதே பாடம் நடத்துகிறாள். ஆய்வு செய்கிற பிள்ளைகளைச் சம்பாவுக்குச் சம்பா கூட்டி வருகிறாள். மூங்கிலை இன்றும் அவர்தான் நடுகிறார். வேறு யாரையும் தொடவிடுவதில்லை.

அன்று பெட்டி ஆயிரம் செய்தி அனுப்பியது. கூட வந்தாலும் குறைய வந்தாலும் ஒன்றுதான், எண் கிடைத்தால் படிப்பு நிற்காது என்று மகள் சொல்லியிருந்தாள். கொட்டகையில் போய்ப் பார்த்துவிட்டு வரப்பில் ஓடி வந்தாள். வயல்காரர் எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"எத்தனம்மா வந்து சேந்துச்சு?"

அறுநூற்று எழுபத்து மூன்று.