டீச்சரின் சிவப்புக் காருக்கு ஏர்கான் மாற்றிய கதை

கார் ஏர்கான் ரிப்பேர்காரனை யாரும் நல்ல மனநிலையில் தேடி வருவதில்லை. கஸ்டமரின் முகத்தைப் பார்த்தே அன்றைய ராசிபலனைத் தெரிந்துகொள்கிற தொழிலில் நீங்களும் இருந்தால், நான் படப்போகும் பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

ஓட்டை போடக் கூடாது

மேரி டீச்சர் எங்கள் பட்டறைக்கு வந்த கார் என்னைவிட வயதில் மூத்தது. சிவப்பு நிறம், இரண்டே சீட், தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் ஸ்போர்ட்ஸ் கார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று தனக்குத் தானே வாங்கிக்கொண்ட பரிசு என்றார். பழைய கார் என்பதால் சிங்கப்பூரில் வருஷத்தில் சில நாள்தான் ரோட்டில் எடுக்க அனுமதி. அந்தச் சில நாளில் ஒன்றில்தான் வினை வந்தது. மாதா கோயில் பூசை முடிந்து குவீன்ஸ்டவுனில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போது, சிக்னலில் நின்ற காருக்குள் வெக்கை தாங்காமல் மயங்கிவிட்டார். பின்னால் நின்ற பஸ் டிரைவர் இறங்கி வந்து கதவைத் திறந்திருக்கிறார்.

காரில் ஏர்கான் என்று ஒன்று இருந்தது, ஆனால் அதிலிருந்து அனல்தான் வந்தது. புது கம்ப்ரசர், பெரிய கண்டென்சர், மின்விசிறி, இந்தக் காலத்து கேஸ் எல்லாம் போட வேண்டும் என்றேன். குழாய் உள்ளே போக பாடியில் இரண்டு ஓட்டை போட வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். டீச்சர் காரை ஒரு சுற்று சுற்றி வந்து, பானட்மேல் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"டாக்டர் என்மேல போட்ட ஓட்டை போதும் லா தம்பி. இதுமேல ஒண்ணு விழுந்துச்சு, நான் காரை எடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன்."

தேக்காவில் ஒரு சந்திப்பு

ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று இடம் பிடித்து, சாப்பாட்டு இலையில் கை வைத்த நேரம். எதிரில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். டீச்சரின் மகன் டேனியல், சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. பட்டறைக்கு போன் பண்ணி நான் எங்கே இருப்பேன் என்று கேட்டுத் தேடி வந்திருக்கிறார். சுற்றி வளைக்கவில்லை. "பிரதர், இந்தக் கார்ல ஏர்கான் ஃபிட் பண்ண முடியாதுன்னு சொல்லிடுங்க. நான் சொன்னா அம்மா கேக்க மாட்டாங்க, மெக்கானிக் சொன்னா நம்புவாங்க. காரை வித்துடலாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முடிகிற வேலையை முடியாது என்று சொல்ல நான் எதற்கு? ஆனால் அவர் அன்றைக்கு நடந்ததைச் சொல்லச் சொல்ல என் கோபம் இறங்கிவிட்டது. சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது, அம்மாவின் போனிலிருந்து யாரோ ஒருவர் பேசியிருக்கிறார். அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க இவருக்கு வாய் வரவில்லையாம்.

பொய் சொல்ல மாட்டேன் என்றேன். வேலை முடிந்ததும் உச்சி வெயிலில் டீச்சரே சாங்கி வரை ஓட்டிப் பார்க்கட்டும், வழியில் ஒரு தடவை குளிர் நின்றாலும் காரை விற்கச் சொல்லி நானே சொல்கிறேன் என்றேன். டீச்சரும் இதற்குச் சம்மதிக்க வேண்டும் என்றேன். பேசிப் பார்க்கிறேன் என்று எழுந்தவர் என் தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் போனார்:

"அம்மாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, நான் உங்களத்தான் கேப்பேன் பிரதர்."

அதற்குப் பிறகு சாப்பாடு எங்கே இறங்கும்?

மேஜைமேல் ஒரு வளையம்

அது குளிர் நாட்டில் செய்த கார். அதனால் உள்ளே ஒரு ஹீட்டர் இருந்தது. சிங்கப்பூரில் ஹீட்டர் யாருக்கு? அதைக் கழற்றிவிட்டு, அதன் குழாய் போன ஓட்டையிலேயே ஏர்கான் குழாயை விட்டோம். பாடியில் ஒரு கீறல்கூட இல்லை. டேஷ்போர்டை மூடி, குழாயில் கசிவு இருக்கிறதா என்று வேக்குவம் வைத்துப் பார்த்தோம், கேஜில் முள் அசையவில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

மேஜையைத் துடைக்கும்போதுதான் அதைப் பார்த்தேன். பச்சை நிறத்தில் ஒரு ஓ-ரிங். குழாய் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் உள்ளே போட வேண்டிய ரப்பர் வளையம். கூட வேலை பார்க்கும் சேகர், தினமும் மலேசியாவின் ஜோகூரிலிருந்து உட்லண்ட்ஸ் எல்லை வழியாக வருகிறவன், ஓ-ரிங் பாக்கெட்டில் எப்போதும் ஒன்று அதிகமாகத்தான் இருக்கும் என்றான். முள்ளே நிற்கிறது, அப்புறம் என்ன சந்தேகம் என்றான். நானும் அப்படியே நம்ப ஆசைப்பட்டேன், ஏனென்றால் காய்ந்துபோன அந்த டேஷ்போர்டை இன்னொரு தடவை கழற்றினால் விரிசல் விடலாம். ஆனால் இரும்போடு இரும்பு இறுகி இன்றைக்கு நிற்கும் இணைப்பு, நாலு நாள் ஓடிக் குலுங்கினால் கேஸை விட்டுவிடும். அப்படி நடந்தால், டேனியல் கேட்டு நான் மறுத்த காரியத்தை நானே செய்து கொடுத்தவன் ஆவேன். டீச்சர் மறுபடியும் ஒரு சிக்னலில் கிடப்பார்.

இரண்டு மணி நேரம், ஒவ்வொரு திருகாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு கழற்றினோம். கடைசி இணைப்பில் வளையம் இல்லை. அதைப் பூட்டியது சேகர் இல்லை, நான். அவன் என் முகத்தைப் பார்க்காமல் வளையத்தில் எண்ணெய் தடவிக் கொடுத்தான்:

"நல்ல வேளை லா, நான் சொன்னத நீ கேக்கல."

உச்சி வெயிலில் சாங்கிக்கு

சனிக்கிழமை பன்னிரண்டு மணி. பேசியபடி ஓட்டிப் பார்க்கச் சம்மதித்த டீச்சர் ஸ்டியரிங்கில், பக்கத்தில் டேனியல். மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லாததால் நான் பட்டறை வேனில் பின்னாலேயே போனேன். எக்ஸ்பிரஸ்வேயில் கவலை இல்லை. ஓடுகிற காரில் காற்று அடித்து எஞ்சின் சூடு அடங்கிவிடும். நிற்கும்போதுதான் ஆபத்து. சாங்கி பக்கம் இறங்கியதும் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரே லேன். எல்லா வண்டியும் அப்படியே நின்றுவிட்டது.

ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். எஞ்சின் கொதித்தால் கம்ப்ரசர் நின்றுவிடும், நின்றால் உள்ளே அனல்தான். பானட்டிலிருந்து புகை வருகிறதா என்று கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். புகை வரவில்லை. ஆனால் இடது பக்கக் கதவு திறந்தது. டேனியல் இறங்கி, இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்தார். வேனை விட்டுக் குதித்து, அவரைத் தாண்டி, டீச்சரிடம் ஓடினேன்.

டீச்சர் லிப்ஸ்டிக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். ஏர்கான் குமிழ் கடைசி வரை திருகியிருந்தது. கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு மட்டும் இறக்கினார், குளிர் வெளியே போய்விடக் கூடாதாம்:

"அவனுக்குக் குளிருதாம் லா தம்பி. உன் வேன்ல ஏத்திட்டு மெதுவா வா, நான் சாங்கில வெயிட் பண்றேன்."

பதினோரு வருஷ அனுபவத்தில், ஏர்கான் ஓடாத எங்கள் பட்டறை வேனில் வேர்த்து வழிந்துகொண்டே வந்தும், என்னை ஒரு வார்த்தை குறை சொல்லாத கஸ்டமர் டேனியல் ஒருவர்தான்.