தறி வீட்டில் நான் வரைந்த படம்

மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் எடுக்கும் நான் வருடா வருடம் சொல்லும் வாக்கியம் இது. இரண்டு மதிப்பெண் கேள்வி. மாணவிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். இந்த ஒரு வாக்கியத்தைக் கொண்டுதான் என் அக்காவின் குடித்தனத்தைக் கெடுத்தேன்.

அக்காவை எங்கள் தாய்மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று மாமாவே தட்டுத் தாம்பாளத்தோடு வந்து கேட்டார். சின்ன காஞ்சிபுரத்தில் அவர்களுக்குத் தறி இருக்கிறது. உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக நெய்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். தறியில் அக்கா புருஷன், பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ள அக்கா. கல்யாணமான மறுமாதம் உட்கார்ந்தவள், பிரசவத்துக்குத்தான் எழுந்தாள்.

ஒரே பெண் குழந்தை. ஐந்து வயதிலும் நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். சோம்பேறிக் கழுதை என்று அந்த வீட்டில் அவளுக்குப் பட்டம். நான்தான் சண்டை போட்டுச் சென்னைக்கு அழைத்துப்போனேன். செல்லுக்குள் சக்தி தயாராகும் இடத்தில் கோளாறு இருக்கலாம் என்றார் டாக்டர். குழந்தை, தாய், தகப்பன் மூவரின் ரத்தமும் மரபணுச் சோதனைக்குப் போனது. முடிவு வர நாளாகும், அதுவரை எதையும் முடிவு கட்டாதீர்கள் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை என் காதில் ஏறவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா தறி வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"நீ இதான பாடம் எடுக்கிற? எங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லும்மா."

அந்த வீட்டில் அதுவரை யாரும் என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. எப்போது கல்யாணம் என்பது ஒன்றுதான் கேள்வி. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜரிகைப் பூ டிசைன் போட வைத்திருந்த கிராஃப் தாளில் ஒன்றை உருவிக்கொண்டு உட்கார்ந்தேன். சாப்பிட்ட சோறு அப்படியே தெம்பாகிவிடாது, மைட்டோகாண்ட்ரியா அதை ஏ.டி.பி.யாக மாற்றித் தந்தால்தான் கை கால் அசையும் என்றேன். தகப்பனின் விந்தணுவில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா கருவுக்குள் அழிந்துவிடும், தாயுடையது மட்டும் தங்கும் என்று சிவப்பு மையில் அம்புக்குறி போட்டேன். படம் நன்றாக வந்திருப்பதாகப் பெருமை வேறு. அக்கா காப்பி டம்ளர்களோடு பின்னால் நின்றிருந்தாள்.

"அப்போ எங்க புள்ளகிட்டேர்ந்து ஒண்ணும் வரலன்ற?"

"வராது மாமா."

மாமா தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரே மாதத்தில் அக்காவையும் குழந்தையையும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. "கொஞ்ச நாளு இங்கயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்கள். ஏன் என்று கேட்ட உறவுக்காரர்களிடம் மாமா என் படத்தைப் பிரித்துக் காட்டினாராம். "அவ தங்கச்சியே வரைஞ்சு குடுத்துக்கீறா, பாரு."

பிறகு ரிப்போர்ட் வந்தது. மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக இருப்பது கொஞ்சம் டி.என்.ஏ.தான். அதற்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவற்றுக்கு உத்தரவு செல்லின் உட்கருவிலிருந்து வருகிறது. அதில் பாதி தகப்பன் கொடுத்தது. இதையும் நான்தான் வகுப்பில் நடத்துகிறேன், அடுத்த பாடமாக. குழந்தையின் கோளாறு அங்கேதான் இருந்தது. பழுதான மரபணுப் பிரதி ஒன்று அக்காவிடமிருந்து, இன்னொன்று அவள் புருஷனிடமிருந்து. ஒன்று மட்டும் இருந்தால் நோய் வராது, இரண்டும் சேர்ந்தால் வரும். என் அம்மாவுக்கும் அவள் அண்ணனான இந்த மாமாவுக்கும் பிறந்த வீட்டிலிருந்தே அது வந்திருக்க வேண்டும். சொந்தம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டதன் பலன்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். தறியில் அக்காவின் இடத்தில் கூலிக்கு வந்த ஒரு பெண் நாடா தள்ளிக்கொண்டிருந்தாள். அக்கா புருஷன் தலை நிமிரவில்லை. அந்த ரிப்போர்ட் அவர் போனுக்கும் வந்திருந்தது. படிக்கத் தெரிந்த மனிதர்தான்.

மாமா சொன்னார்: "அன்னிக்கு ஒண்ணு சொன்ன, இன்னிக்கு ஒண்ணு சொல்ற. அக்காவுக்காக மாத்திப் பேசிக்கினுகீற."

"இது ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாமா. அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

"படம் நீ வரைஞ்சதா, இல்லையா?"

நான் வரைந்ததுதான். திருப்பிக் கேட்டேன், தரவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது விளக்கம் இல்லை, ஒரு சாக்கு. அதைச் சிவப்பு மையில் அம்புக்குறி போட்டுக் கொடுத்தவள் நான்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். மென்று முடிப்பதற்குள் அது களைத்துவிடும், அதனால் சின்னச் சின்ன உருண்டை. நான் பக்கத்தில் உட்கார்ந்து ரிப்போர்ட்டை விளக்க ஆரம்பித்தேன். உட்கரு, பிரதி என்று இரண்டு வாக்கியம் போயிருக்கும். அக்கா நிறுத்தினாள்.

"அன்னிக்கு மாமா கேட்டப்போ, பாப்பாவுக்கு எதனால வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமாடி?"

"தெரியாதுக்கா."

"இந்த ஒரு வார்த்தைய அங்க சொல்லியிருக்கலாமே" என்றாள். அடுத்த உருண்டையைப் பிடித்தாள்.