சாகப்போகிறவளின் தண்ணீர்

குடிநீர் நிலையத்தில் பம்பு ஓட்டுகிறவளுக்குச் சிறு வயதிலிருந்தே சுகர். வேளை தவறாமல் இன்சுலின் போட்டாக வேண்டும். வயிற்றில் ஊசியைக் குத்திக்கொண்டே பக்கத்தில் இருப்பவர்களோடு வாயாடுவாள். யாராவது முகத்தைச் சுளித்தால், "குத்துறது எனக்கு, வலிக்கிறது உனக்கா?" என்பாள். பள்ளியில் ஓடாதே என்றார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பாவம் என்று எழுந்து போனார்கள். அந்தப் 'பாவம்' என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஞாயிறு மதியங்களில் அவள் தம்பி வீட்டில் ஒரு விளையாட்டு நடக்கும். ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டி, பேசிப் பேசியே கதையை நகர்த்துவார்கள். நடத்துகிறவன் தம்பிதான். புதுக் கதையில் அவன் உலகத்தையே அழித்திருந்தான். கொள்ளைநோய்க்குப் பிறகு இந்த ஊரில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள், தானியம் எதுவரை வரும், டீசல் எதுவரை வரும் என்று மாய்ந்து மாய்ந்து கணக்குப் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தான். எல்லாம் நிஜம்போல இருக்க வேண்டுமாம்.

அக்கா நின்று படித்தாள். 'தினமும் மருந்து தேவைப்படுவோர்: எவரும் மிஞ்சவில்லை.'

"எடுத்த எடுப்புலயே என்னைப் போட்டுத் தள்ளிட்டியேடா!"

தம்பியின் முகம் வெளிறியது. "ஐயோ அக்கா, உன்னை நெனச்சு எழுதல. அந்த வரியை எடுத்துடறேன்."

"எடுத்தா அடி விழும். நிஜம்னா நிஜமாவே இருக்கட்டும். ஆனா நான் எடுக்கப்போற ஆளு, சுகர் இருக்கற பம்புக்காரி."

"அவ பொழைக்க மாட்டாளே அக்கா," என்றான் தம்பியின் நண்பன் மொட்டை.

"அதை அவ பார்த்துக்குவா."

பார்த்துக்கொண்டாள். கதையில் மற்றவர்கள் தானியக் கிடங்குக்கு ஓட, அவள் மருந்துக்கடைப் பூட்டை உடைத்தாள். இன்சுலினைச் சூடு படாமல் ஈரமணலில் புதைத்த பானையில் வைத்தாள். பாதி கெட்டுப்போனதாகப் பகடை சொன்னது. மீதியை எண்ணி வைத்தாள். மொட்டையின் ஆள் டீசல் தேடிக் கொண்டுவர, ஆற்றங்கரைப் பம்பை ஓட வைத்தாள். தம்பி கணக்கில் பாதி ஊர் சாக்கடைத் தண்ணீர் குடித்தே செத்திருக்க வேண்டும். இப்போது நல்ல தண்ணீர் வந்துவிட்டதால், முனகிக்கொண்டே மக்கள்தொகையைக் கூட்டி எழுதினான்.

சில வாரங்களில் கதையில் மருந்து தீர்ந்தது. தம்பி பகடையை ஓரமாக வைத்தான். "எங்கிருந்தோ ஒரு லாரி மருந்து வந்துச்சுன்னு வெச்சுக்கலாமா?"

"பிச்சை போடாதே. அவ செத்துட்டா. ஊர் தண்ணி குடிக்குதில்ல? மேல நடத்து."

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்குப் போகும் வழியில் பையைத் திறந்து தன் இன்சுலின் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். "புது ஆளு. தச்சு வேலை செய்யறவ, கோவக்காரி."

தம்பி சந்தேகமாகப் பார்த்தான். "சுகர்?"

"பின்ன?"

"மருந்தே இல்லாத ஊருல அவ எப்படிக்கா இத்தனை நாள் உயிரோட இருந்தா?"

"கணக்குப் போடறவன் நீதானே? கண்டுபிடி."

மொட்டை விழுந்து விழுந்து சிரித்தான். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். அவள் அவன் பதிலுக்குக் காத்திராமல் பகடையை எடுத்து உருட்டினாள்.